பேஸ்மேக்கர் இருந்தும் நாடிக் கணக்கு இடிக்கிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழிமுறை

பேஸ்மேக்கர் பொருத்தியவரின் நாடி 44 என்று வந்தால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள். லீடு (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி) நகர்ந்திருக்கும் என்று பணி மருத்துவர் எக்ஸ்ரேவுக்கு அனுப்புவார். சில வேளை அவை உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல வேளை கருவி தனக்குச் சொல்லப்பட்ட நேரக் கணக்கை வரி தவறாமல் கடைப்பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கணக்குதான் இந்த நோயாளிக்குப் பொருந்தாமல் போயிருக்கும்.

நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று பேஸ்மேக்கர் எண்ணுவதில்லை. ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புவரை எத்தனை மில்லி விநாடி (இனி மி.வி.) என்றே அது அளக்கிறது. அதனால் 44 என்ற எண்ணை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் விளங்காது. 60,000-ஐ 44-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1350 மி.வி. வரும். கீழ்வரம்பு (கருவி அனுமதிக்கும் மிகக் குறைந்த வேகம்) 60 என்றால் அதன் இடைவெளி 1000. மீதி 350 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

இது கேத் லேப் டெக்னீஷியன்கள், ஐசியு செவிலியர்கள், பேஸ்மேக்கர் கிளினிக்கில் உட்காரும் இளம் மருத்துவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. நோயாளிகளும் வீட்டாரும் புரிந்துகொள்வதற்காகப் படிக்கலாம். ஆனால் வீட்டில் காந்தம் வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். மயக்கம், மார்பு வலி, மூச்சுத் திணறல், கருவி வைத்த இடத்தில் வீக்கம் அல்லது சீழ் இருந்தால் மேலே படிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

## ப்ரோகிராமரைத் தொடுமுன்

12 லீட் ஈசிஜியோடு ஒரு நிமிட ரிதம் ஸ்ட்ரிப் எடுங்கள். வழக்கமான 25 மி.மீ. வேகத்தில் சிறு கட்டம் 40 மி.வி., பெரிய கட்டம் 200 மி.வி. எனவே இரண்டு துடிப்புக்கு நடுவே ஐந்து பெரிய கட்டம் இருந்தால் வேகம் 60. பைபோலார் லீடின் (இரு மின்முனைகளும் நுனியருகே உள்ள கம்பி) ஸ்பைக், அதாவது ஈசிஜியில் விழும் தூண்டல் குறி, மிகச் சிறியது. அது கண்ணில் படவில்லை என்பதால் கருவி தூண்டவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்ட்ரிப் ஓடும்போதே மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே ஏமாற்றும்.

கருவியின் அமைப்புகளைப் படித்து மாற்றும் கணினியான ப்ரோகிராமரில் இணைத்ததும் முதல் வேலை, இப்போதுள்ள அமைப்புகளை அச்சிடுவது. இரண்டாவது, இவருக்குச் சொந்தத் துடிப்பு இருக்கிறதா, முழுக்கக் கருவியையே நம்பியிருக்கிறாரா என்று பார்ப்பது. கருவியையே நம்பியிருப்பவருக்கு த்ரெஷோல்டு (இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவையான மிகக் குறைந்த மின்சாரம்) சோதனை செய்வதற்குமுன், மார்பின் மேல் ஒட்டித் தூண்டும் பேட்களோடு டிஃபிப்ரிலேட்டர் கட்டிலருகே இருக்க வேண்டும்.

ஐந்து அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். கீழ்வரம்பு வேகம்: இதற்குக் கீழே போனால் கருவி தூண்டும். மேல்வரம்பு வேகம்: மேலறை எவ்வளவு வேகமாக அடித்தாலும் இதற்குமேல் கீழறையைத் தூண்டாது. ஏவி டிலே: மேலறைக்கும் கீழறைக்கும் இடையே காத்திருக்கும் நேரம். மேலறையின் சொந்தத் துடிப்பை உணர்ந்தபின் வைக்கும் டிலே, மேலறையைத் தூண்டியபின் வைப்பதைவிட 30 மி.வி. அளவு குறைவாக இருப்பது வழக்கம். பிவிஏஆர்பி: கீழறை துடித்தபின் மேலறைச் சமிக்ஞை வந்தாலும் அதற்குப் பதில் தராத காலம். இந்தப் பிவிஏஆர்பியின் தொடக்கப் பகுதியில் கருவி எதையும் பார்ப்பதே இல்லை. அந்தக் குருட்டு நேரம்தான் பிவிஏபி.

## "60 வைத்திருக்கிறார்கள், ஆக்சிமீட்டர் 40 காட்டுகிறது"

அதிகம் வரும் புகார் இதுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் இதே எண்ணைத் தரும். ஈசிஜியில் கீழறை அலைகளை எண்ணி மணிக்கட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஈசிஜியில் 82, மணிக்கட்டில் 41 என்றால் அது பைஜெமினி, அதாவது இரண்டுக்கு ஒன்று முந்திவரும் துடிப்பு. கருவி தூண்டிய துடிப்புக்கு 450 மி.வி. கழித்து ஒரு விபிசி (கீழறையில் முந்திப் பிறக்கும் துடிப்பு) வருகிறது. கருவி அதையும் ஒரு துடிப்பாக உணர்ந்து, அங்கிருந்து புதிதாக 1000 எண்ணுகிறது. மொத்தம் 1450. இதயம் நிரம்புமுன் வரும் விபிசி, மகாதமனி வால்வைத் திறக்கும் அளவு அழுத்தம் தராது. அதனால் கையில் இரண்டுக்கு ஒன்று மட்டும் தட்டுப்படுகிறது. இதில் கருவிமேல் ஒரு குறையும் இல்லை. பொட்டாசியம், மெக்னீசியம் பாருங்கள், இதயத்தின் எக்கோ பாருங்கள், பீட்டா பிளாக்கர் தேவையா என்று யோசியுங்கள். கீழ்வரம்பை 70 அல்லது 80-க்கு உயர்த்தினால் சிலருக்கு விபிசி அடங்கும். அடங்காவிட்டால் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள்.

ஈசிஜியிலும் மணிக்கட்டிலும் ஒரே மாதிரி 44 என்றால், கருவி ஒரு துடிப்பை இரண்டாக உணர்கிறது. பெரும்பாலும் டி அலை, அதாவது துடித்த கீழறை மீளும்போது ஈசிஜியில் வரும் அலை. தூண்டிய துடிப்புக்கு 350 மி.வி. கழித்து வரும் டி அலையைக் கீழறைத் துடிப்பு என்று எண்ணிக் கடிகாரத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கருவி உணர்ந்ததையும் தூண்டியதையும் ப்ரோகிராமரில் குறித்துக்காட்டும் மார்க்கர் சேனலில் டி அலையின்மேல் கீழறை உணர்வுக் குறி விழுந்திருந்தால் சந்தேகமே இல்லை. தீர்வு இரண்டு. கீழறையின் ரிஃப்ராக்டரி காலத்தை (துடிப்புக்குப் பின் வரும் சமிக்ஞையைப் பொருட்படுத்தாத காலம்) டி அலை தாண்டும் அளவுக்கு நீட்டலாம். அல்லது உணர்திறனை 2 மில்லிவோல்ட்டிலிருந்து 3.5 அல்லது 4-க்கு மாற்றலாம். இங்கே எண் கூடினால் கூர்மை குறைகிறது என்பதை மறக்க வேண்டாம். மாற்றுவதற்குமுன் ஆர் அலையின் (கீழறைத் துடிப்பின் மின்சமிக்ஞை) உயரத்தை அளந்துகொள்ளுங்கள். புதிய அளவைப்போல அது இருமடங்காவது இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

ஸ்பைக் 1000 மி.வி.க்கு ஒருமுறை ஒழுங்காக வந்து, சிலவற்றின் பின்னால் கீழறை அலையே இல்லாவிட்டால் கேப்சர் போய்விட்டது, அதாவது தூண்டல் இதயத்தைத் துடிக்க வைக்கவில்லை. நேர அமைப்போடு தொடர்பில்லாத, உண்மையிலேயே அவசரமான நிலை இது. முதலில் வெளியீட்டை 5 வோல்ட், 1.0 மி.வி. என்று உயர்த்துங்கள். பிறகு காரணம் தேடுங்கள்: பொட்டாசியம் ஏறியிருக்கலாம், ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம், ஃப்ளெக்கனைடு போன்ற மருந்து த்ரெஷோல்டை உயர்த்தியிருக்கலாம். பொருத்திய முதல் வாரங்களில் லீடு நகர்வதும் உண்டு. இதயம் இப்போதுதான் தானாகத் துடித்து இன்னும் ஓய்வுக் காலத்தில் இருக்கும்போது விழும் ஸ்பைக் எதையும் பிடிக்காது. அதைப் பழுதாக எண்ணாதீர்கள்.

இடைவெளிகள் எந்தக் கணக்கிலும் அடங்காமல், சில துடிப்பு வந்து பிறகு நீண்ட மௌனம், அங்கே ஸ்பைக்கும் இல்லை என்றால் காந்தச் சோதனை செய்யுங்கள். காந்தம் வைத்தால் பேஸ்மேக்கர் எதையும் உணராமல் தன் போக்கில் தூண்டும். காந்தம் வைத்ததும் இடைவெளிகள் மறைந்தால், வேண்டாத சமிக்ஞையைக் கேட்டுத்தான் கருவி வாய்மூடியிருந்தது: உடைந்த லீடின் இரைச்சல், தளர்ந்த திருகு, மார்புத் தசையின் மின்சாரம். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தச் சொல்லி மார்க்கர் சேனலைப் பாருங்கள். லீடின் மின்தடை 2000 ஓமுக்கு மேல் போனால் உள்ளே கம்பி முறிவு, 200-க்குக் கீழே போனால் உறை கிழிவு என்று சந்தேகியுங்கள். காந்தம் வைத்தும் இடைவெளிகள் நீடித்தால் கோளாறு தூண்டும் பக்கத்தில் இருக்கிறது. ஐசிடி (ஆபத்தான படபடப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி) பொருத்தியவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே காந்தம் அதிர்ச்சி சிகிச்சையை நிறுத்திவைக்குமே தவிர, தூண்டும் முறையை மாற்றாது.

இனி வேண்டுமென்றே வைத்த குறைவுகள். ஹிஸ்டெரிசிஸ் (சொந்தத் துடிப்புக்கு இடம் தரக் கூடுதலாகக் காத்திருக்கும் வசதி) 50 என்று இருந்தால், சொந்தத் துடிப்புக்குப் பின் கருவி 1200 மி.வி. காத்திருக்கும். ஒருமுறை தூண்டத் தொடங்கினால் 1000-க்கு ஒன்றாகத் தூண்டும். ஸ்ட்ரிப்பில் 1200-உம் 1000-உம் மாறி மாறி வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இரவு வேகம் இன்னொன்று. இரவு 10 முதல் காலை 6 வரை 50 என்று வைத்திருப்பார்கள். கருவிக்குள் உள்ள கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சென்னையில் பொருத்திக்கொண்டு டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போனவருக்கு, குளிர்காலத்தில் அந்த ‘இரவு’ காலை 11:30-க்குத் தொடங்கி மாலை 7:30-க்கு முடியும். பகலெல்லாம் சோர்வு, நாடி 50, ராத்திரி 60 என்று புகார் வந்தால் ப்ரோகிராமரில் கடிகாரத்தைப் பாருங்கள். நெடுநாள் வெளிநாடு போகிறவருக்கு இந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

கடைசியாக, கீழறையைத் தேவையில்லாமல் தூண்டாமலிருக்கும் முறைகள். மெட்ட்ரானிக்கின் எம்விபி முறையில் கருவி மேலறையை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும். ஒரு துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராவிட்டால் உடனே தூண்டாது. அடுத்த மேலறைத் துடிப்பு வந்து 80 மி.வி. ஆனபின்தான் கீழறையைத் தூண்டும். கீழ்வரம்பு 60, பிஆர் இடைவெளி (துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் நேரம்) 200 என்றால், கீழறையில் 1880 மி.வி. இடைவெளி விழும். மானிட்டரில் இதைப் பார்த்தவர்கள் பழுது என்று எழுதிவிடுவார்கள். ஒரு நாளில் ஓரிரண்டு விழுந்தால் விட்டுவிடுங்கள். அடிக்கடி விழுந்து தலைசுற்றினால், மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் பாதையில் அடைப்பு நிலையாகிவிட்டது என்று பொருள். இரண்டு அறைகளையும் உணர்ந்து தூண்டும் டிடிடி முறைக்கு மாற்றுங்கள்.

## "60 என்றார்கள், 63 வருகிறது"

இது கோளாறே அல்ல. சில கருவிகள் கீழறையை வைத்து நேரம் எண்ணும். கீழறைத் துடிப்பிலிருந்து 800 மி.வி. கழித்து மேலறையைத் தூண்டும். பிறகு 200 மி.வி. காத்திருக்கும். ஆனால் இதயத்தின் சொந்தக் கடத்தல் 150-லேயே கீழறையைத் துடிக்க வைத்தால் மொத்தம் 950, அதாவது 63.

66 வந்தால் மட்டும் நின்று பாருங்கள். 910 மி.வி. என்பது 800-உம் 110-உம். மேலறை ஸ்பைக்கின் எதிரொலியைக் கீழறை லீடு துடிப்பாகக் கேட்டுவிடுமோ என்ற ஐயத்தில், கருவி 110 மி.வி.யில் பாதுகாப்புக்காகத் தூண்டுகிறது. ஈசிஜியில் இரண்டு ஸ்பைக்குக்கும் நடுவே தூரம் குறுகியிருக்கும். மேலறை வெளியீட்டைக் குறையுங்கள், அல்லது மேலறைத் தூண்டலுக்குப் பின் கீழறை கண்மூடும் நேரத்தைச் சற்று நீட்டுங்கள்.

## "மாடி ஏறும்போது திடீரென்று கால் தளர்ந்துவிடுகிறது"

உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் சரி, கிளினிக்கில் எடுத்த ஈசிஜியும் சரி. இரண்டாவது மாடிக்கு ஏறும்போதோ பேருந்துக்கு ஓடும்போதோ நாடி 120-லிருந்து 60-க்கு ஒரே அடியாக விழுகிறது. முழு அடைப்புக்காகக் கருவி பொருத்திக்கொண்ட, சைனஸ் (இதயத்தின் இயற்கைத் தூண்டுமையம்) நன்றாக வேலை செய்கிற, சுறுசுறுப்பான மனிதர்களுக்குத்தான் இது நேரும். முதுமை, பயம், உடற்பயிற்சி இல்லாமை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். ஐந்து நிமிடத்தில் சரியாகக்கூடிய விஷயம் இது.

ஏவி டிலேயையும் பிவிஏஆர்பியையும் கூட்டுங்கள். உணர்ந்தபின் டிலே 200, பிவிஏஆர்பி 300 என்றால் மொத்தம் 500. ஒரு மேலறைத் துடிப்புக்குப் பின் 500 மி.வி.க்குள் வரும் அடுத்த துடிப்பைக் கருவி பொருட்படுத்தாது. 60,000-ஐ 500-ஆல் வகுத்தால் 120. சைனஸ் 120-ஐத் தாண்டியதும் இரண்டுக்கு ஒன்று விடுபட்டு, கீழறை 60-க்கு இறங்கும். மேல்வரம்பு 130 என்று அச்சில் இருக்கிறதே என்றால், அந்த 130-ஐ இந்தக் கருவி ஒருநாளும் எட்டாது. அதற்கு முன்பே கதவு மூடிவிடுகிறது.

நாம் விரும்புவது வேறு. 130-ஐத் தாண்டினால் வேகம் அங்கேயே நின்று, எப்போதாவது ஒரு துடிப்பு மட்டும் விடுபட வேண்டும். நோயாளிக்கு ஒரு சின்னத் தட்டல் தெரியும், கால் தளராது. வென்கெபாக் என்ற இந்த நடத்தை கிடைக்க, மேல்வரம்பு இடைவெளியான 462-ஐவிட அந்தக் கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும்.

டிலேயை 150-க்கும் பிவிஏஆர்பியை 250-க்கும் கொண்டுவந்தால் கூட்டுத்தொகை 400, வேகம் பாதியாகும் புள்ளி 150. வேகம் கூடும்போது டிலே தானாகக் குறையும் வசதியைப் போட்டு, அது 100 வரை இறங்க விட்டால் கூட்டுத்தொகை 350, புள்ளி 171. முதலில் டிலேயில் கைவையுங்கள், பிவிஏஆர்பியை அதன்பின் தொடுங்கள். இயல்பான இதயத்திலும் ஓடும்போது பிஆர் குறுகுவதால் டிலேயைக் குறைப்பதில் இழப்பு இல்லை. பிவிஏஆர்பியைக் குறைப்பதில் ஆபத்து உண்டு. அது அடுத்த பகுதியில் வருகிறது.

மேல்வரம்பையும் வயதோடு ஒப்பிடுங்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் தோராயமான உச்சம் கிடைக்கும். 70 வயதுக்காரருக்கு 150. அவருக்கு 130 போதும். 30 வயதுக்காரருக்கு 190. அவருக்கும் அதே 130-ஐ வைத்துவிட்டுப் பந்து விளையாடப் போ என்றால் முடியாது. 150 முதல் 160 கொடுங்கள், அதற்கேற்பக் கூட்டுத்தொகையையும் குறையுங்கள். நடந்தால் மார்பு வலி வருகிறவருக்கு 110 முதல் 120-லேயே நிறுத்திவையுங்கள். அங்கே வேகம்தான் எதிரி.

மாற்றியபின் நோயாளியைப் படுக்க வைத்தே அனுப்பிவிடாதீர்கள். ப்ரோகிராமர் தொடர்பில் இருக்க, டிரெட்மில்லில் அல்லது வராந்தாவிலும் படிக்கட்டிலும் நடக்கவிட்டு, மார்க்கர் சேனலில் மேலறைக் குறிக்குப் பின் ஒவ்வொரு முறையும் கீழறைத் தூண்டல் வருகிறதா என்று பாருங்கள்.

## "சும்மா உட்கார்ந்திருந்தேன், 130-க்குப் போய் அங்கேயே நிற்கிறது"

முதல் கேள்வி: துடிப்பு சீராக இருக்கிறதா? சீராக, மேல்வரம்பிலேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ ஓடி, ஒவ்வொரு கீழறைத் துடிப்பும் தூண்டலாக இருந்தால், கருவியே ஒரு கண்ணியாகி உருவாக்கிய படபடப்பாக இருக்கலாம். பிஎம்டி என்பார்கள். ஒரு விபிசி வருகிறது. அது பின்னோக்கி மேலறைக்கு ஏறுகிறது. பிவிஏஆர்பி முடிந்தபின் போய்ச் சேர்ந்தால் கருவி அதைப் புதிய மேலறைத் துடிப்பாக எண்ணி, டிலே முடிந்ததும் கீழறையைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் மறுபடி மேலே ஏறுகிறது. முடிவே இல்லை. ஏவி பாதை முழுக்க அடைபட்டவர்களிலும் சிலருக்குப் பின்னோக்கிய பாதை திறந்திருக்கும்.

வேகத்தைக் கணக்கிட்டே இதை உறுதி செய்யலாம். பின்னோக்கி ஏற 280, டிலே 150 என்றால் 430 மி.வி. அது 139. மேல்வரம்பு அனுமதிக்காததால் சரியாக 130-இல் நிற்கும். பின்னோக்கி ஏற 380 எடுத்தால் 530 மி.வி., அதாவது 113. மேல்வரம்பைத் தொடவில்லை என்பதால் பிஎம்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. காந்தம் வையுங்கள். கருவி மேலறையை உணர்வதை நிறுத்தியதும் கண்ணி அறுபடும். காந்தத்தை எடுத்தபின் வேகம் திரும்பாவிட்டால் பிஎம்டிதான். எடுத்ததும் அதே வேகம் திரும்பிவந்தால் அது சைனஸ் அல்லது மேலறையில் பிறக்கும் படபடப்பு.

தீர்வு, பின்னோக்கி ஏறும் நேரத்தை அளந்து அதைவிட 50 மி.வி. கூடுதலாகப் பிவிஏஆர்பி வைப்பது. அளக்க, சைனஸைவிட 20 கூடுதலான வேகத்தில் விவிஐ முறையில் (கீழறையை மட்டும் உணர்ந்து தூண்டும் முறை) சிறிது நேரம் தூண்டி, கீழறைத் தூண்டலிலிருந்து மேலறை மின்பதிவு வரையுள்ள தூரத்தைப் படியுங்கள். 280 வந்தால் பிவிஏஆர்பி 330. ஆனால் இப்போது கூட்டுத்தொகை 480 ஆகி, பாதியாகும் புள்ளி 125-க்கு இறங்கிவிடும். மேல்வரம்பு 130-க்கு முன்பே மாடிப்படிப் பிரச்சினை திரும்பும். இந்த இழுபறியில் நோயாளியின் வாழ்க்கையைப் பார்த்து முடிவெடுங்கள். நடமாட்டம் குறைந்தவருக்கு நீண்ட பிவிஏஆர்பி நிம்மதி. உழைக்கிறவருக்கு, விபிசி வந்தால் மட்டும் பிவிஏஆர்பியை நீட்டும் வசதியையும், வேகம் கூடும்போது பிவிஏஆர்பி தானாகக் குறையும் வசதியையும் போடுங்கள். பிஎம்டியைக் கண்டறிந்து ஒரு துடிப்புக்கு மட்டும் பிவிஏஆர்பியை நீட்டி அறுக்கும் ஏற்பாடும் பல கருவிகளில் உண்டு. அது அணைந்திருந்தால் இயக்குங்கள்.

அடிக்கடி வந்தால் மேலறை த்ரெஷோல்டைப் பார்க்காமல் விடாதீர்கள். மேலறைத் தூண்டல் பிடிக்காமல் போனால், அடுத்து வரும் கீழறைத் துடிப்புக்குப் பின்னோக்கி ஏற வழி தயாராக இருக்கும். அப்போது எத்தனை முறை பிவிஏஆர்பியை மாற்றினாலும் விதை அங்கேயே இருக்கும்.

துடிப்பு சீரில்லாமல் 100-க்கும் 130-க்கும் நடுவே தாவினால், அது மேலறை நடுக்கத்தைக் கருவி பின்தொடர்வது. மோட் ஸ்விட்ச் (மேலறை மிக வேகமானால் அதைப் பின்தொடர்வதை நிறுத்தும் வசதி) இயங்கியிருந்தால் இப்படி நடக்காது. அது அணைந்திருக்கிறதா, அல்லது நடுக்கத்தின் சிற்றலைகள் கருவிக்குக் கேட்கவில்லையா? மேலறை உணர்திறனை 0.5 மில்லிவோல்ட்டிலிருந்து 0.3-க்குக் கூர்மையாக்கிப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து தேவையா என்ற கேள்வியையும் அன்றே மருத்துவரிடம் எழுப்புங்கள்.

துடிப்பு கிட்டத்தட்டச் சீர், ஆனால் 118, 121, 119 என்று மெல்ல அசைகிறது என்றால் சைனஸ். காய்ச்சல், ரத்தசோகை, உள் ரத்தக்கசிவு, தைராய்டு தேடுங்கள். மேல்வரம்பைக் குறைத்து எண்ணை அழகாக்குவது நோயை மறைக்கும் செயல். பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் காய்ச்சலோடு வேகம் கூடினால் லீடில் தொற்று இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுக்குமுன் ரத்தக் கல்ச்சர் எடுங்கள்.

## "ஒரே சீராக 125, மாத்திரைக்கும் அசையவில்லை"

இரவும் பகலும் 125 என்றால் மேலறை ஃப்ளட்டரை (மேலறை சீராக, மிக வேகமாக அடிக்கும் கோளாறு) நினையுங்கள். ஃப்ளட்டர் 240 மி.வி.க்கு ஓர் அலை, அதாவது 250. டிலே 150, பிவிஏபி 150 என்று வைத்திருக்கிறார்கள். ஓர் அலையைக் கருவி உணர்கிறது. 150-இல் கீழறையைத் தூண்டுகிறது. 150 முதல் 300 வரை குருட்டு நேரம். 240-இல் வரும் அலை அதற்குள் விழுந்து காணாமல் போகிறது. 480-இல் வருவது தெரிகிறது. ஆக, கருவியின் கண்ணுக்கு மேலறை வேகம் 125-தான். அதைப் படபடப்பு என்று கருதக் காரணமில்லாததால் மோட் ஸ்விட்ச் நடப்பதில்லை, ஒவ்வொன்றையும் பின்தொடர்கிறது.

டிலேயும் பிவிஏபியும் சேர்ந்து 240-க்குக் கீழே வர வேண்டும். 120-உம் 100-உம் வைத்தால் 220. அடுத்த அலை தெரியும், சில விநாடிகளில் முறை மாறி வேகம் இறங்கும். சில கருவிகளில் இப்படி மறைந்த ஃப்ளட்டரைத் தேடும் வசதியே உண்டு. பிவிஏபியைக் குறைத்தால், கீழறையின் பெரிய அலை மேலறை லீடில் எதிரொலிப்பதைக் கருவி கேட்டு, இல்லாத படபடப்புக்காக முறை மாற்றிவிடக்கூடும். நல்ல சைனஸில் இருப்பவர் நடந்துகொண்டிருக்கும்போது வேகம் பொருந்தாமல் விழுந்தால் அதைச் சந்தேகியுங்கள். பதிவான மோட் ஸ்விட்ச் நிகழ்வுகளின் மின்பதிவைத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும்.

## "பேருந்தில் போனால் படபடக்கிறது"

தூண்டும் முறையின் பெயரில் கடைசி எழுத்து ஆர் என்றால் (டிடிடிஆர் போல) உடலசைவுக்கேற்ப வேகம் கூட்டும் சென்சார் இயங்குகிறது. அசைவை அளக்கும் சென்சாருக்கு மேடுபள்ளச் சாலையும் நடையும் ஒன்றுதான். அசையாமல் நிற்கும் சைக்கிளில் மிதித்தால் அதற்கு எதுவும் தெரியாது. சென்சாரின் த்ரெஷோல்டை (எவ்வளவு அசைவுக்குமேல் வேகம் கூட வேண்டும் என்ற அளவு) ஒரு படி உயர்த்துங்கள், சாய்வை (அசைவுக்கு எவ்வளவு வேகம் கூட வேண்டும் என்ற அளவு) ஒரு படி குறையுங்கள். மூச்சை அளக்கும் சென்சார் உள்ளவருக்கு, மார்பின் வழியே மின்னோட்டம் செலுத்தி மூச்சை எண்ணும் ஐசியு மானிட்டர் வேகத்தைச் சென்சார் உச்சம் வரை ஏற்றிவிடும். மானிட்டரில் மூச்செண்ணும் வசதியை அணைத்ததும் வேகம் இறங்கினால் காரணம் அதுதான்.

## "நேற்றுவரை 70, இன்று 65, மூச்சு வாங்குகிறது"

யாரும் தொடாமல் முறையும் வேகமும் மாறியிருந்தால் பேட்டரி. மெட்ட்ரானிக் பேஸ்மேக்கர்கள் மாற்ற வேண்டிய கட்டத்தில் பொதுவாக விவிஐ 65-க்குப் போய்விடும். மேலறையும் கீழறையும் ஒத்துத் துடிப்பது நின்றுபோவதால்தான் மூச்சு வாங்குகிறது. காந்த வேகம் உறுதிப்படுத்தும்: மெட்ட்ரானிக்கில் நல்ல பேட்டரிக்கு 85, மாற்றும் கட்டத்தில் 65. பாஸ்டன் சயின்டிஃபிக்கில் 100, பிறகு 90, கடைசியில் 85. இந்த நிலையில் அமைப்புகளை மாற்றி நாளைக் கடத்தாமல் ஜெனரேட்டர் (பேட்டரி உள்ள கருவிப் பெட்டி) மாற்றத்துக்குத் தேதி குறியுங்கள்.

## "மானிட்டரில் 120, கையில் 60"

மேலறை ஸ்பைக்கையும் கீழறை அலையையும் மானிட்டர் தனித்தனியாக எண்ணுகிறது. மானிட்டரில் ஸ்பைக்கைப் பிரித்தறியும் பேஸ் டிடெக்ஷனை இயக்கி, ஸ்பைக் சிறிதாகத் தெரியும் ஈசிஜி லீடைத் தேர்ந்தெடுங்கள். இதன் மறுபக்கம் உயிருக்கு ஆபத்து: இதயம் நின்றுவிட்ட பின்னும் மானிட்டர் ஸ்பைக்குகளை எண்ணி 60 காட்டிக்கொண்டிருக்கும், அலாரம் அடிக்காது. பேஸ்மேக்கர் நோயாளிக்கு ஆக்சிமீட்டர் அலை அல்லது தமனி அழுத்த அலை எப்போதும் திரையில் ஓட வேண்டும்.

## "நாடி 70, எல்லாம் சரி என்கிறார்கள், ஆனால் சோர்வு"

இங்கே வேகத்தை உயர்த்தும் ஆசையை அடக்குங்கள். கீழறை எத்தனை சதவீதம் தூண்டப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஐசிடி நோயாளிகளிடம் செய்த, 2002-இல் வெளிவந்த டேவிட் ஆய்வில், விவிஐ 40 என்று ஒதுங்கியிருந்த கருவியைவிட டிடிடிஆர் 70 என்று ஓடிய கருவி உள்ளவர்களுக்கே இதயச் செயலிழப்பும் மரணமும் கூடுதலாக இருந்தன. சைனஸ் கோளாறு உள்ளவர்களைப் பற்றிய மோஸ்ட் ஆய்வின் தரவும், கீழறைத் தூண்டல் 40 சதவீதத்தைத் தாண்டினால் இதயச் செயலிழப்பு கூடுவதைக் காட்டியது. சொந்தக் கடத்தல் 220 மி.வி.யில் வந்து சேர்கிற ஒருவருக்கு டிலே 180 என்று வைத்திருந்தால், தேவையே இல்லாமல் 100 சதவீதம் தூண்டுகிறோம். டிலேயை 250-க்கு நீட்டியோ, சொந்தத் துடிப்பைத் தேடும் வசதியைப் போட்டோ பாருங்கள். டிலேயை நீட்டினால் கூட்டுத்தொகையும் நீளும் என்பதால் மாடிப்படிக் கணக்கை மறுபடி போடுங்கள். முழு அடைப்பு உள்ளவருக்கு இது உதவாது. 100 சதவீதம் அவருக்குத் தேவை. எக்கோவில் இதயத்தின் தள்ளுதிறன் குறைந்துவருகிறதா என்று பார்த்து, இருபுறக் கீழறைத் தூண்டலுக்கோ கடத்தல் பாதையையே தூண்டும் முறைக்கோ மாற்றுவதைப் பற்றி மின்னியல் இதய மருத்துவரிடம் பேசுங்கள்.

விவிஐ முறையில் இருப்பவர், தூண்டல் தொடங்கும்போதெல்லாம் கழுத்தில் அடிப்பு, தலைசுற்றல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்றால் அது பேஸ்மேக்கர் சிண்ட்ரோம். மூடிய வால்வின்மேல் மேலறை சுருங்குவதால் வருவது. கீழ்வரம்பை 50-க்கு இறக்கி அவருடைய சைனஸுக்கு இடம் கொடுத்தால் பலருக்கு அன்றே தெளிவு தெரியும். போதாவிட்டால் மேலறை லீடு சேர்க்க வேண்டும்.

எந்த மாற்றம் செய்தாலும் பழைய, புதிய அமைப்பு அச்சுகள் இரண்டையும் நோயாளியின் கோப்பில் வையுங்கள். ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் கழித்து வரச்சொல்லி, வேகப் பரவல் வரைபடத்தில் மேலறைத் தூண்களையும் கீழறைத் தூண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலறை 130 வரை போயிருந்து, கீழறை 110-லேயே நின்றிருந்தால் கூட்டுத்தொகையை இன்னும் குறைக்க வேண்டியிருக்கிறது.